எல்லோருக்கும் ஃபைவ் நைன்

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, வெற்றிலை பாக்குகூடக் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று தரகர் இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். ஒரு விரலை மட்டும் மடக்காமல் விட்டுவிட்டார். ஹாம் ரேடியோ அந்த விரலில் இருந்தது.

உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் அவருக்குக் கணக்கு வேலை. கல்யாணமான புதிதில், எங்கள் மொட்டை மாடியிலிருந்து எதிர்வீட்டுத் தென்னை மரம் வரை நீளமாக ஒரு செம்புக் கம்பி போவதைப் பார்த்தேன். இவ்வளவு அக்கறையாகக் கொடி கட்டி வைத்திருக்கிறாரே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு அவருடைய வேட்டிகளை அதில் காயப்போட்டேன். மாலையில் வந்தவர் மாடிக்கு ஓடினார். வேட்டிகளை உருவிக் கீழே எறிந்துவிட்டுக் கம்பியைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு அடிபட்டால்கூட இப்படித் தடவிப் பார்ப்பாரா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அது ஆண்டெனா. அதுலதான் உலகமே கீது" என்றார். எனக்கு ஒரு சணல் கயிறு வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் இருந்த அறைகளில் நல்ல காற்று வருகிற அறை எங்களுக்கு இல்லை, பெட்டிகளுக்கு. பட்டாளத்தில் கழித்துப் போட்ட ரிசீவர் ஒன்று, சென்னையில் ஏலத்தில் எடுத்து பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்தாராம். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே கண்ணாடிக் குடுவை மாதிரி வால்வுகள் சிவப்பாக எரியும். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் அப்பளம் காயவைக்கலாம். அப்புறம் யாரோ ஒருவரிடம் பழசாக வாங்கின ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு மைக், மேசையில் திருகி வைத்த, தந்தி அடிக்கிற ஒரு மோர்ஸ் சாவி. கரண்ட் போனால் எனக்கு மெழுகுவர்த்தி, பெட்டிகளுக்கு லாரி பேட்டரி. இதைச் சொன்னால் யாரும் என் பக்கம் பேசமாட்டார்கள். "குடிக்காத புருசன், அது பாட்டுக்கு வூட்ல ஒக்காந்துகினு கீது, ஒனக்கு இன்னா கொறச்சல்?" என்று என் அம்மாவே கேட்டாள். குடிகாரனாவது காலையில் தெளிந்துவிடுவான்.

வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம், வீட்டிலிருந்தே ஒயர்லெஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைச் சொல்லாமல் விடமாட்டார். ஒயர்லெஸ் வந்த காலத்தில் நல்ல அலைகளையெல்லாம் அரசாங்கங்கள் கப்பலுக்கும் பட்டாளத்துக்கும் எடுத்துக்கொண்டனவாம். ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளிய சின்ன அலைகளை இந்த வேலையற்றவர்களுக்குக் கொடுத்தனவாம். இவர்கள் அதை வைத்துக்கொண்டே கடல் தாண்டிப் பேசிக் காட்டினார்களாம். உலக யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் நம் ஊரில் வீடு வீடாக வந்து செட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போனானாம். அந்த நல்ல காரியத்தை அதோடு நிறுத்தியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றும். ஹாம் என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். அந்தக் காலத்துத் தந்தி ஆபீஸ்காரர்கள், கைத்திறமை இல்லாமல் தந்தி அடிக்கிறவனைத் திட்டப் பயன்படுத்திய சொல்லாம் அது. இந்த வரலாற்றிலேயே நான் உடனே நம்பியது அந்த ஒன்றைத்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு எஸ்டிடி பூத் நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் போன், வெளியே என் மேசை, தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். அந்த மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தைகூட வீணாகாது. களத்துமேட்டில் கூலி வேலை செய்கிற பெண்கள் இடுப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே உள்ளே போவார்கள். "நைனாக்கு முடியல. ஒன்னியே கேட்டுக்கினு கீது. ஒடனே கெளம்பு" என்று பெங்களூரில் சித்தாள் வேலை பார்க்கிற மகனுக்குச் சொல்லிவிட்டு வெளியே வருவார்கள். அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் மொத்தக் கதையும் அதில் இருக்கும். இப்படிப்பட்ட பேச்சையே பகல் முழுக்கக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போனால், அங்கே என் வீட்டுக்காரர் ஜப்பானோடு பேசிக்கொண்டிருப்பார்.

ஜப்பானோடு என்ன பேசுகிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் கால் சைன் என்கிற அடையாளக் குறியைச் சொல்லுவது. அப்புறம் "ஃபைவ் நைன்" என்பது. அவனும் "ஃபைவ் நைன்" என்பான். பெயர், ஊர், மழையா வெயிலா, என்ன செட், என்ன ஆண்டெனா. வணக்கம். முடிந்தது.

"அவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"அவ்ளோதான். ஜப்பான் போட்டாச்சி" என்றார், மீன் பிடித்தவர் மாதிரி.

"அந்தாளுக்குக் கல்யாணம் ஆச்சா, எத்தினி புள்ளைங்க, இன்னா வேல செய்றான், எதுவும் கேக்க மாட்டீங்களா?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது. அடுத்தவன் காத்துக்கினு கீறான் இல்ல?"

அந்த அடுத்தவனுக்கும் ஃபைவ் நைன்தான்.

இந்த ஃபைவ் நைன் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் உயிர் அதில்தான் ஊசலாடியது. எதிராளியின் பேச்சு எப்படிக் கேட்கிறது என்று சொல்ல இவர்கள் இரண்டு எண் வைத்திருக்கிறார்கள். முதல் எண், பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது. அதற்கு ஐந்துதான் உச்சம். இரண்டாவது, எவ்வளவு பலமாக வருகிறது என்பது. அதற்கு ஒன்பது உச்சம். ஆக ஃபைவ் நைன் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கிறது என்று அர்த்தம். படித்தவர்கள் சேர்ந்து போட்ட நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவர்கள் அதை எல்லோருக்கும் சொல்லுவார்கள். இரைச்சலில் ஒரு எழுத்துகூடப் புரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என் வீட்டுக்காரர். வாய் மட்டும், "யூ ஆர் ஃபைவ் நைன். உங்க பேர் இன்னொரு தபா சொல்லுங்க, உங்க ஊர் இன்னொரு தபா சொல்லுங்க" என்று சொல்லும். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து நன்றி வேறு வரும்.

"கேக்கவே இல்ல, அப்பால எதுக்கு ஃபைவ் நைனு?"

"ஒரு மரியாத. கொறச்சி சொன்னா மனசு கஷ்டப்படும். எல்லாரும் அப்டிதான் குடுக்கறது."

ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய கூட்டாளிகள் காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வருவார்கள். ஒருவரை ஒருவர் ஓஎம் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், கிழவா என்று அர்த்தமாம், இருபது வயதுப் பையனுக்கும் அதே மரியாதை. கல்யாணமாகாத பெண்ணுக்கு ஒய்எல். கல்யாணமானவளுக்கு எக்ஸ்ஒய்எல், அதாவது முன்னாள் இளம்பெண். முதல் நாள் நான் டீ கொண்டுபோனபோது ஒருவர் எழுந்து, "எக்ஸ்ஒய்எல்லுக்கு வணக்கம்" என்றார். அர்த்தம் தெரிந்தபிறகு அவருக்கு மட்டும் சர்க்கரை போடாமல் டீ கொடுத்துவந்தேன். சுகர் இருக்கிறதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று வியந்து பாராட்டினார்.

இந்த நோயை என் வீட்டுக்காரர் என் தாய்வீட்டு ஊருக்கும் கொண்டுபோனார். திருப்புலிவனத்தைத் தாண்டி உள்ளே போகவேண்டும் எங்கள் ஊருக்கு. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே பம்புசெட் சாமான் விற்கிற பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே குடும்பம். நல்ல மனிதர், என்னைச் சின்ன வயதிலிருந்து தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். மாப்பிள்ளை விருந்துக்குப் போன இடத்தில் இவர் பாயைப் பிடித்துக்கொண்டார். பாய்க்குக் கையில் வேலை தெரியும். அடுத்த வருஷமே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, பழைய ரேடியோக்களைப் பிரித்து ஒரு செட்டும் கட்டிவிட்டார். பலம் கம்மியான செட். ஆனாலும் அவரிடம் இவர் என்றைக்கும் சொன்னது ஃபைவ் நைன்தான். பாய் அதை நம்பி, கம்பியை இன்னும் உயரமாகக் கட்டவே இல்லை. நன்றாகப் போகிறதை யார் தொடுவார்கள்?

பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்குப் போனது ஐப்பசியில். அந்த வருஷம் மழை பிய்த்து எடுத்தது. ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்தன. எங்கள் ஊருக்கு வருகிற வழியில் இருக்கிற தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. பஸ் நின்றுவிட்டது. அப்புறம் கரண்ட் போனது, அப்புறம் போனும் செத்தது. எஸ்டிடி பூத் நடத்துகிறவளின் தாய்வீட்டில் போன் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லோரும் தைரியம் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா சாப்பிடும்போதே வலி கண்டுவிட்டது. ஊரில் தங்கியிருந்த நர்ஸம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அம்மாவை வெளியே கூப்பிட்டுப் பேசினார், ஆனால் மழையில் கதவு ஊதிப்போய்ச் சாத்தமுடியாத வீட்டில் எனக்கு எல்லாம் கேட்டது.

"கொயந்த குறுக்க கீதும்மா. இங்க வெச்சிக்கினு நான் ஒன்னும் பண்ண முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும். லேட்டாச்சின்னா ரெண்டு உசுருக்கும் பேஜாரு."

எதில் போவது? ஊரில் இருந்த ஒரே டிராக்டர் இன்ஜினைப் பிரித்துப்போட்டபடி கிடந்தது. மாட்டு வண்டி தரைப்பாலத்தில் இறங்கினால் மாட்டோடு போய்விடும். அந்தத் தண்ணீரைத் தாண்ட உயரமான லாரி வேண்டும். லாரி உத்திரமேரூரில், என் வீட்டுக்காரர் வேலை செய்கிற மில்லில் நின்றது. டிரைவர் வீடு அங்கே எங்கள் தெருவிலேயே இருந்தது. அவருக்கு ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும்.

அப்போதுதான் பாய் வந்து நின்றார். "கவலப்படாத தங்கச்சி. மாப்ள இந்நேரம் செட்டுல தான் இருப்பாரு. டிராக்டரு பேட்டரிய எடுத்தாந்து மாட்றேன். ரெண்டே நிமிசம்." உண்மையைச் சொல்லவேண்டும், அன்றைக்கு அந்த நேரம் மட்டும் எனக்கு அந்தக் கருமாந்திரப் பெட்டிகள்மேல் பக்தியே வந்துவிட்டது. இவ்வளவு நாள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமே என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு கால் மணி நேரம் இருந்திருக்கும்.

பாய் சொன்னது சரி. மாப்பிள்ளை செட்டில்தான் இருந்தார். ஊரெல்லாம் வெள்ளமாக இருக்கிறது, பெண்டாட்டி நிறைமாசமாகத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், இவர் லாரி பேட்டரியைப் போட்டுக்கொண்டு காண்டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தார்.

காண்டெஸ்ட் என்பது ஃபைவ் நைனின் திருவிழா. யார் ரொம்பப் பேரைப் பிடிக்கிறார்கள் என்று போட்டி. ஒவ்வொருவரிடமும் ஃபைவ் நைன் சொல்லி, பிடித்த ஆட்களின் வரிசை எண்ணைச் சொல்லி, உடனே அடுத்த ஆளுக்குத் தாவவேண்டும். ஒரே ஆளை இரண்டு தரம் பிடித்தால் கணக்கில் வராது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் செட்டில் போன் மாதிரி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசமுடியாது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். என் வீட்டுக்காரர் போட்டி நாளில் பொத்தானை விடுகிறவர் இல்லை.

பாய் கடையிலிருந்து கூப்பிட்டார். தெருவுக்கு இந்தப் பக்கம் கட்டிலில் கிடந்த எனக்கு அந்த ஸ்பீக்கரின் கரகரப்பு நன்றாகவே கேட்டது. பாய் தன் கால் சைனைச் சொன்னார். உடனே என் புருஷன் குரல் வந்தது.

"ஃபைவ் நைன், ஃபைவ் நைன்! நம்பரும் எழுதிக்கோங்க ஓஎம். தேங்க்யூ. அடுத்தது யாரு?"

பாய், "மாப்ள, அவசரம்" என்று ஆரம்பித்தது அவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாய் விடாமல் மறுபடியும் கூப்பிட்டார்.

"ஓஎம், உங்களோட ஏற்கெனவே பேசியாச்சி. டூப்ளிகேட்டு. பாயிண்ட்டு வராது. தேங்க்யூ, ஃபைவ் நைன்."

அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இன்னாடி இது, வாயத் தொறந்தா நம்பரா சொல்லிக்கினு கீறாரு மாப்ள?" என்றாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷமாக நான் சொன்னதை அம்மா அன்றைக்குத்தான் புரிந்துகொண்டாள்.

மூன்றாம் தரம் பாய் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "எக்ஸ்ஒய்எல், எக்ஸ்ஒய்எல், அர்ஜெண்ட்டு, எக்ஸ்ஒய்எல்." அது போய்ச் சேர்ந்தது. ஆனால் இவர்கள் பழக்கத்தில் ஒருவர் மனைவியை ஒருவர் விசாரிப்பது ஒரு சடங்கு. பதில் வந்தது.

"ஓஓ, எக்ஸ்ஒய்எல் நல்லா கீறாங்க. அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க. விசாரிச்சதுக்கு தேங்க்ஸ். ஃபைவ் நைன், ஃபைவ் நைன்."

நான் எழுந்துவிட்டேன். நர்ஸம்மா பிடித்தார், உதறினேன். கணுக்கால் தண்ணீரில் தெருவைத் தாண்டி பாய் கடைக்குள் போய், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மைக்கை வாங்கினேன். லைசென்ஸ் இல்லாதவர்கள் அதைத் தொட்டால் அதிகாரிகள் வந்து செட்டையே தூக்கிப்போய்விடுவார்கள் என்று என்னை மிரட்டி வைத்திருந்தார் இவர். வரட்டும், வருகிற அதிகாரி வண்டியில் வருவான் இல்லையா, அதிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

"யோவ், நான்தான்யா. ஒம் பொண்டாட்டி. வலி எடுத்துடுச்சி. லாரிய அனுப்புய்யா." கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பொத்தானை விட்டேன். அப்புறம் வந்தது பாருங்கள் கூச்சல். பெண் குரல் ஒன்று காற்றில் வந்துவிட்டது. என்ன சொல்கிறாள் என்று யாருக்குத் தெரியவேண்டும்? மதுரையோ மைசூரோ, எங்கெங்கோ இருந்த ஓஎம்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். "ஒய்எல் ஸ்டேஷன், ஒய்எல் ஸ்டேஷன், குட் மார்னிங், ஃபைவ் நைன்!" அத்தனைக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த குரல் ஒன்று, வீட்டில் ஒரு நாளும் நான் கேட்டறியாத தேன் குழைத்த தொனியில் வந்தது.

"ஒய்எல் ஸ்டேஷன், வெல்கம். யூ ஆர் ஃபைவ் நைன் பிளஸ். கால் சைன் ப்ளீஸ்."

எனக்குத் தாலி கட்டியவர். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை கோபத்தில் வலியே தெரியவில்லை. வயிற்றில் ஒரு உயிர் குறுக்கே கிடக்கிறது, இத்தனை பேருக்கு என் குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஒருத்தருக்கும் நான் சொன்னது போய்ச் சேரவில்லை. செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். இவர்கள் எல்லோரும் என் சாவுக்கும் ஃபைவ் நைன் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அழுதேன்.

கூச்சல் கொஞ்சம் அடங்கின இடைவெளியில் மெலிசாக ஒரு கிழட்டுக் குரல் வந்தது. தெலுங்கு வாடை அடிக்கிற தமிழ்.

"பாபு, எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தம்மா ஏதோ சொல்றாங்க. அம்மா, நான் சித்தூர்லேர்ந்து பேசறேன். உங்க சிக்னல் ரொம்ப மோசம். த்ரீ த்ரீதான். பாதி கேக்குது, பாதி போயிடுது. பயப்படாதீங்க. ஒவ்வொரு வார்த்தையா, நிதானமா சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."

அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து யாரும் யாரிடமும் 'மோசம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வார்த்தையைக் கேட்டவுடன் எனக்கு மூச்சு வந்தது. கேட்கவில்லை என்று சொல்கிறவர் கேட்கிறார் என்று அர்த்தம். எப்படிப் பேசவேண்டும் என்று எனக்குத் தெரியும். என் பூத்தில் தினமும் கேட்கிறேனே.

"கொயந்த குறுக்க கீது. ஆஸ்பத்திரி போவணும். தரைப்பாலத்துல தண்ணி. மில்லு லாரி வோணும். உத்திரமேரூர்ல என் வூட்டுக்காரருகிட்ட சொல்லுங்க."

அவர் திருப்பிச் சொன்னார். தரைப்பாலம் அவருக்கு வரவில்லை. மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். என் வீட்டுக்காரரின் கால் சைனைப் பாய் சொன்னார். அதையும் அவர் எழுத்து எழுத்தாகத் திருப்பிக் கேட்டார். பிறகு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னார்.

"க்யூஎஸ்எல், க்யூஎஸ்எல்" என்றது என் வீட்டுக்காரரின் வாய். கிடைத்தது, கிடைத்தது என்று அர்த்தம். "தேங்க்யூ, யூ ஆர் ஃபைவ்..."

அதோடு நின்றது. பொத்தானிலிருந்து கையை எடுக்காமலே எழுந்திருக்கிறார். நாற்காலி விழுந்த சத்தமும் "ஐயோ" என்ற சத்தமும் சித்தூர் வரைக்கும் கேட்டது.

லாரி வந்தது. தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் படுக்கவைத்து, தரைப்பாலத்தைத் தாண்டி, காஞ்சிபுரம் வரைக்கும் கொண்டுபோனார்கள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் முதலில் சொன்ன வார்த்தை, "பாயோட சிக்னலு ரொம்ப வீக்கா இருந்திச்சி." கையை உருவிக்கொண்டேன். வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். நீலம் பாரித்துப் போயிருந்ததாம், அழவே நேரமெடுத்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். கூட்டாளிகள் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, வெள்ளத்தில் தாயையும் சேயையும் காப்பாற்றிய ஓஎம் என்று என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போன் செத்தாலும் நாங்கள் சாகமாட்டோம் என்று மைக்கில் பேசினார். முன்வரிசையில் கைக்குழந்தையோடு நான் உட்கார்ந்திருந்தேன். பாயை மேடைக்குக் கூப்பிடவில்லை. சித்தூர்க்காரரை யாரும் நினைக்கக்கூட இல்லை. சர்க்கரையில்லாத டீக்காரர் வந்து, எக்ஸ்ஒய்எல் ரொம்பக் கொடுத்துவைத்தவர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேசினவர்கள் ஒருவருக்கொருவர் அட்டை அனுப்பிக்கொள்வது இவர்கள் வழக்கம். இன்ன நாளில் இன்னாருடன் பேசினேன் என்று கால் சைன் அச்சடித்த அட்டை. எல்லாம் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, பிரித்து, கட்டுக்கட்டாக வரும், மாதக்கணக்காகும். என் மகள் தவழ ஆரம்பித்திருந்த சமயம் பாய் ஒரு நாள் பூத்துக்கு வந்தார். அவருக்கு வந்த கட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு அட்டைகள் இருந்தன.

ஒன்று என் வீட்டுக்காரர் அனுப்பியது. பக்கத்து ஊரில் இருக்கிற பாய்க்கு, ஊர் சுற்றி வந்த அட்டை. "அருமையான தொடர்புக்கு நன்றி. 59." எந்த நிமிஷம் என்றும் எழுதியிருந்தார். பாய் என் பிரசவ வலியைச் சொல்லத் தவித்த அதே நிமிஷம்.

இன்னொன்று சித்தூரிலிருந்து. பாயின் கால் சைனுக்குப் பக்கத்தில் 'பாய் ஸ்டேஷனில் பேசிய அம்மாவுக்கு' என்று நடுங்குகிற கையெழுத்தில் தமிழில் இருந்தது. 33 என்று போட்டிருந்தார். கீழே ஒரு வரி. "குழந்தை எப்படி இருக்கிறது? ஆணா பெண்ணா?"

சாயங்காலம் அதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். சுவர் நிறைய உலகத்து அட்டைகளை ஒட்டி வைத்திருக்கிற மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவருக்கு ரூல்ஸ் தெரியல. லைசென்ஸ் இல்லாத ஸ்டேஷனுக்கெல்லாம் கார்டு போடக் கூடாது. இது கணக்குல வராது" என்றார். அவர் சுவரில் இருந்த அத்தனை அட்டைகளிலும் தேடிப் பார்த்தேன். கேள்விக்குறி போட்ட அட்டை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் பூத்தில் கூட்டம் குறைந்ததும், அட்டையில் அச்சடித்திருந்த போன் நம்பரைச் சுழற்றினேன். மகள் கூண்டுக்குள் என் காலடியில் தவழ்ந்துகொண்டிருந்தாள். கிழட்டுக் குரல் எடுத்தது. யார் என்று கேட்டது.

"த்ரீ த்ரீங்க" என்றேன். வேறு என்ன சொல்லுவது என்று தெரியவில்லை. "பொண்ணு. நல்லா கீறா."

"பொண்ணு, நல்லா இருக்கா" என்று அன்றைக்குப் போலவே திருப்பிச் சொன்னார்.

"நல்லதும்மா" என்றார் அப்புறம். "அன்னிக்கி சொல்லிட்டேன், அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியல. உங்க வீட்டுக்காரரை மூணு நாலு தடவை ரேடியோவில கூப்பிட்டுக் கேட்டேன். ஃபைவ் நைன், தேங்க்யூன்னு சொல்லிட்டுப் போயிட்டார். குழந்தை இல்லாம போச்சோ, அதைச் சொல்ல மனசு வராம அப்படிச் சொல்றாரோன்னு நான்..."

நான் குனிந்து மகளைத் தூக்கி, ரிசீவரை அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். கையில் இருந்த சாவிக்கொத்தை நான் பிடுங்கிவிட்ட கோபத்தில் அவள் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்து கத்தினாள்.

"கேக்குதுங்களா?" என்றேன்.

"ஃபைவ் நைனும்மா" என்றார். "ஃபைவ் நைன்."

அந்த வார்த்தையை நான் நம்பினது அந்த ஒரு தரம்தான். தலைக்கு மேலே மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.